வாஷிங்டன் எல்லைக்கற்களைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வாஷிங்டன் டி.சி. பக்கம் குடிவரும் நம்மவர்களில் வரலாற்றுப் பைத்தியம் உள்ளவர்கள் சீக்கிரமே எல்லைக்கற்களைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். 1791-92-ல் நில அளவையாளர் ஆண்ட்ரூ எலிக்காட் தலைமையில் அளந்து, தலைநகருக்கென்று ஒதுக்கிய, பக்கத்துக்குப் பத்து மைல் கொண்ட சதுரத்தின் நான்கு ஓரங்களிலும் மைலுக்கு ஒன்றாக நட்ட 40 கற்கள் அவை. பெரும்பாலானவை இன்னும் நிற்கின்றன. புதிதாக வருகிறவர்கள் பழைய தவறுகளையே திரும்பச் செய்வதைப் பார்த்துப் பார்த்துதான் இதை எழுதுகிறேன். நல்ல ஷூ, தண்ணீர் பாட்டில் விஷயமெல்லாம் உங்களுக்கே தெரியும்.

இன்றைய எல்லையில் தேடுவது

மேப்பில் இன்றைய டி.சி. எல்லைக்கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் 14 கற்கள் அகப்படாது. போட்டமாக் ஆற்றுக்குத் தென்மேற்கே இருந்த பகுதியை வர்ஜீனியாவுக்கே திருப்பிக் கொடுக்க 1846-ல் சட்டம் போட்டார்கள். அந்தப் பக்கத்துக் கற்கள் இப்போது ஆர்லிங்டன், அலெக்சாண்ட்ரியா பக்கத்துத் தெருக்களில் எந்தத் தலைநகருக்கும் எல்லையாக இல்லாமல் நிற்கின்றன. 1791 ஏப்ரல் 15 அன்று விழா எடுத்து முதல் கல்லை நட்ட ஜோன்ஸ் பாயிண்டே அலெக்சாண்ட்ரியாவில்தான் இருக்கிறது.

எண்ணைக் குழப்பிக்கொள்வது

அந்தச் சதுரம் வைர வடிவில் சாய்ந்து, மூலைகள் நான்கு திசைகளையும் பார்த்திருக்கும். எண்கள் தெற்கு மூலையில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் போகும். ஒவ்வொரு மூலையிலும் மறுபடி ஒன்றிலிருந்து. 'வடமேற்கு 2' என்றால் மேற்கு மூலையிலிருந்து வடக்கு மூலைக்குப் போகும் ஓரத்தில் இரண்டாவது மைல். அதை நகரத்தின் வடமேற்குப் பகுதியில் தேடி அலையாதீர்கள், இருப்பது வர்ஜீனியாவில்.

எழுத்தைத் தேய்த்துப் படிப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஊரில் கல்வெட்டு பார்த்துப் பழகிய ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன். எழுத்து மங்கிக் கிடப்பதைப் பார்த்தார். பையிலிருந்து கம்பி பிரஷை எடுத்தார், கல்லைச் சுற்றியிருந்த வேலிக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டார், நான் வாய் திறப்பதற்குள் நாலு இழுப்பு இழுத்துவிட்டார். கல்லின் அடியில் மணல் கொட்டியது. "அழுக்குதான் சார் போகுது" என்றார். போனது அழுக்கு இல்லை, 1792-ல் உளி பட்ட முகம்.

நம் கோயில் சுவர்களில் பெரும்பாலும் கருங்கல். அதில் மாவோ சுண்ணாம்போ தடவிப் படித்த தலைமுறைகள் உண்டு. அதுவும் சரியான வழக்கமில்லை, ஆனாலும் கல் தாங்கியது. இது வர்ஜீனியாவின் அக்வியா க்ரீக்கில் வெட்டிய மணற்கல். வெள்ளை மாளிகைச் சுவரும் இதே கல்தான். ஈரத்தை உறிஞ்சும், குளிரில் அந்த ஈரம் உறைந்து கல்லைப் பிளக்கும் என்பதால்தான் 1798-லேயே அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். எல்லைக்கல்லுக்கு யார் அடித்தார்கள்? இருநூறு வருட மழையையும் பனியையும் மேல்தோலில் வாங்கிக்கொண்டு நிற்கிறது. பிரஷ் போட்டால் தோல் உரியும். சாக்பீஸ் பொடி துளைகளுக்குள் போய் உட்காரும், கழுவினாலும் வராது. அதைக் கழுவ ஊற்றுகிற தண்ணீர் டிசம்பரில் தன் வேலையைக் காட்டும்.

படிக்க வேண்டுமா, பொழுது சாய்ந்தபின் போய் டார்ச்சைக் கல்லின் முகத்தோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் அடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் வெட்டுக்குள் நிழல் விழுந்து, பகலில் இல்லாத எழுத்து எழுந்து வரும். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று. அப்புறமும் புரியவில்லை என்றால், 1900-களின் தொடக்கத்தில் ஃப்ரெட் வுட்வர்ட் இதே கற்களை எடுத்த படங்களோடு ஒப்பிடுங்கள்.

வேலியைத் தாண்டுவது

1915-லிருந்து ஒரு பெண்கள் அமைப்பு போட்ட இரும்பு வேலிகள். தாண்டாதீர்கள்.

டேல்கார்லியா நீர்த்தேக்கம்

வடமேற்கு 4, 5 இரண்டும் அந்த வளாகத்துக்குள். அனுமதி இல்லாமல் முயலவே வேண்டாம்.

பெஞ்சமின் பன்னேக்கர் 40 கல்லையும் நட்டார் என்று சொல்வது

தானாகவே வானியல் கற்ற கறுப்பின அறிஞர். 1791-ன் தொடக்கத்தில் சில மாதங்கள் எலிக்காட்டுக்கு விண்மீன் நோக்கிக் கொடுத்தார், ஏப்ரல் கடைசியில் ஊர் திரும்பிவிட்டார். தென்மேற்கு 9-க்கு அவர் பெயர் இருப்பது மரியாதைக்காக. நகரத்தின் வரைபடத்தை நினைவிலிருந்தே திரும்ப வரைந்தார் என்ற கதைக்கும் ஆதாரம் கிடையாது. செய்தது போதாதென்று ஏன் சேர்த்துச் சொல்ல வேண்டும்?

ஒரு பக்கத்தை மட்டும் படம் எடுப்பது

நான்கு பக்கமும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஒன்றில் வர்ஜீனியா அல்லது மேரிலாந்து, ஒன்றில் ஆண்டு, ஒன்றில் அந்த இடத்தில் திசைகாட்டி முள் எத்தனை பாகை விலகியது என்ற கணக்கு. நான்காவதில் அமெரிக்க அரசின் ஆளுகை என்ற அறிவிப்பும் மைல் எண்ணும். இந்த நான்காவது முகம் தலைநகர்ப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். வேறு பக்கம் திரும்பி நின்றால், அந்தக் கல்லை யாரோ பெயர்த்து மறுபடி நட்டிருக்கலாம்.