லா வெர்னா மலை மடத்தை அதன் வரலாற்று வரிசையில் பார்ப்பது எப்படி?

இத்தாலியின் டஸ்கனி பகுதியில், அரெத்சோ மாவட்டத்தைச் சேர்ந்த கசென்டினோ பள்ளத்தாக்குக்கு மேலே, பென்னா மலைச் சரிவில் ஏறத்தாழ 1,128 மீட்டர் உயரத்தில் லா வெர்னா மடம் அமைந்துள்ளது. அசிசியின் புனித பிரான்சிஸ் 1224-ம் ஆண்டு செப்டம்பரில் ஐந்து திருக்காயங்களை, அதாவது சிலுவையில் கிறிஸ்து பெற்ற காயங்களைத் தம் உடலில் பெற்ற இடம் இது. இங்கே வருவோர் பலர் நேராகப் பசிலிக்கா என்னும் பெருங்கோவிலுக்குள் போய்விடுகிறார்கள். அந்தக் கட்டடம் 1348-ல் தொடங்கி 1509-ல்தான் முடிந்தது. பிரான்சிஸ் அதைக் கண்டதே இல்லை. அவர் கண்டவை பாறையும் காடும் ஒரு சிறு ஆலயமும்தான். ஆகவே பாறையிலிருந்து தொடங்கி பசிலிக்காவில் முடிப்பதே சரியான வழி என்று உறுதியாகச் சொல்வேன்.

ரயிலில் வருவோர் அரெத்சோவிலிருந்து புறப்படும் கிளைப்பாதை வண்டியில் பிப்பியேனா வரை வந்து, அங்கிருந்து சாலை வழியாக கியூசி டெல்லா வெர்னா என்ற ஊரை அடையலாம். மடத்தின் வாசல் வரை வாகனம் போகும் என்றாலும், உடல்நலம் இடம் கொடுத்தால் பெச்சா என்ற சிற்றூரிலிருந்து மேலேறும் பழைய கல்பாவிய பாதையில் நடந்தே வாருங்கள். வழியில் 1602-ல் கட்டப்பட்ட பறவைகளின் சிற்றாலயம் வரும். பிரான்சிஸ் முதன்முறை ஏறி வந்து களைத்து அமர்ந்தபோது, பறவைகள் கூட்டமாக வந்து அவருடைய தலையிலும் தோளிலும் கைகளிலும் அமர்ந்தன என்பது மரபு. கோடையிலும் மேலே குளிரும். கம்பளிச் சட்டை ஒன்றும், வழுக்காத காலணியும் அவசியம்.

இந்த மலை பிரான்சிஸின் துறவியர் கைக்கு வந்த விதத்தைத் தெரிந்துகொண்டு ஏறுவது நல்லது. 1213-ம் ஆண்டு மே 8 அன்று சான் லியோ கோட்டையில் நடந்த விழாவில் பிரான்சிஸின் உரையைக் கேட்டு மனம் நெகிழ்ந்த கியூசியின் பிரபு ஒர்லாண்டோ, தனிமைத் தவத்துக்கு ஏற்றது என்று சொல்லி இந்த மலையை அவருக்குக் கொடுத்தார். எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ள மறுத்த ஒருவருக்கு ஒரு மலையே காணிக்கையாக வந்தது. பத்திரம் எதுவும் எழுதப்படவில்லை. ஒர்லாண்டோவின் பிள்ளைகள் 1274-ல்தான் அந்த வாய்மொழிக் கொடையை எழுத்தில் உறுதி செய்தார்கள்.

மடத்துக்குள் வந்ததும் முதலில் படிகளில் கீழிறங்கி சாஸ்ஸோ ஸ்பீக்கோ என்னும் பாறைப் பிளவுக்குப் போங்கள். தலைக்கு மேல் மாபெரும் பாறை ஒன்று தாங்குவாரில்லாததுபோல் துருத்திக்கொண்டிருக்க, அதன் அடியில் பிரான்சிஸ் செபித்தார் என்கிறார்கள். கிறிஸ்து சிலுவையில் உயிர்விட்ட வேளையில் இம்மலை பிளந்தது என்ற நம்பிக்கையும் இந்த இடத்தைச் சார்ந்ததே. அடுத்ததாக, 1216 முதல் 1218 வரை கட்டப்பட்ட வானதூதர்களின் புனித மரியா ஆலயத்தைப் பாருங்கள். மலையில் எழுந்த முதல் ஆலயம் இது, சிறியது, எளியது. பின்னால் வந்த பெரிய கட்டடங்களை அளக்க இதையே அளவுகோலாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு திருக்காய நடைக்கூடத்தில் நுழையுங்கள். துறவியர் திருக்காயச் சிற்றாலயத்துக்குச் செல்லும் பவனி மழையிலும் பனியிலும் தடைபடாதிருக்க 1578 முதல் 1582 வரை இது கட்டப்பட்டது. கூரையில்லாத காலத்தில் ஒரு கடும் பனியிரவில் அவர்கள் பவனிக்குப் போகாமல் இருந்துவிட, மறுநாள் காலையில் காட்டு விலங்குகளின் கால்தடங்கள் பனிமேல் வரிசையாகச் சிற்றாலயம் வரை சென்றிருக்கக் கண்டார்கள் என்று கதை சொல்வார்கள். கூடத்தின் நடுவே ஒரு சிறு கதவு வழியாக, பிரான்சிஸ் படுத்துறங்கிய ஈரம் கசியும் குகையைக் காணலாம். அவருடைய கட்டில் வெறும் பாறை. இன்றும் பவனி நாள்தோறும் பிற்பகல் 3 மணிக்குப் பசிலிக்காவிலிருந்து புறப்படுகிறது. உங்கள் பயணத்தை அந்த நேரத்தையொட்டி அமைத்துக்கொள்ளுங்கள். துறவியரின் பாடலோடு நடக்கும்போதுதான் இந்தக் கூடம் எதற்காகக் கட்டப்பட்டது என்பது விளங்கும்.

பவனி முடியும் இடம் 1263-ல் கட்டப்பட்ட திருக்காயச் சிற்றாலயம். அதிதூதர் மிக்கேலை முன்னிட்டு 40 நாள் நோன்பிருந்த பிரான்சிஸ், திருச்சிலுவை மகிமை விழாவையொட்டிய நாள்களில், ஆறு சிறகுகளோடு சிலுவையில் அறையப்பட்டவராய்த் தோன்றிய சேராபீம் என்னும் உயர்நிலை வானதூதரைக் கண்டதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். அந்த இடத்துப் பாறை தரையில் அடையாளமிட்டுக் காக்கப்படுகிறது. பீடத்துக்கு மேலே சுவரை நிறைத்து நிற்பது புளோரன்ஸ் நகரச் சிற்பி அந்திரேயா தெல்லா ரோபியா 1480-ஐ ஒட்டிச் செய்த சிலுவைப் பாடுகளின் சுடுமண் சிற்பம். சிலுவையடியில் மரியாவும் யோவானும் நிற்க, பிரான்சிஸும் புனித எரோணிமுவும் முழந்தாளிட்டிருக்க, மேலே சூரியனும் சந்திரனும் வானதூதர்களும் துயரத்தில் பங்குகொள்கிறார்கள்.

இங்கே அவசரப்படாமல், அனுமதிக்கப்படும் அளவுக்கு அருகே சென்று, உருவங்களின் ஓரங்களையும் நீலப் பின்னணியையும் கூர்ந்து கவனியுங்கள். மெல்லிய இணைப்புக் கோடுகள் கண்ணில் படும். இத்தனை பெரிய சிற்பத்தை ஒரே துண்டாகச் சூளையில் வைக்க முடியாது. ஆகவே களிமண்ணில் வடித்ததைப் பல துண்டுகளாக வெட்டிச் சுட்டு, வெள்ளீயம் கலந்த பூச்சைப் பூசி மறுபடியும் சுட்டு, பிறகு சுவரில் பொருத்தினார்கள். அந்திரேயாவின் சிற்றப்பா லூக்கா வளர்த்தெடுத்த நுட்பம் இது. மலையின் ஈரமும் குளிரும் சுவரோவியத்தை அரித்துவிடும். கண்ணாடிபோன்ற இந்தப் பூச்சோ 500 ஆண்டுகளுக்கு மேலாகியும் பளபளப்புக் குன்றாமல் நிற்கிறது.

இதைப் பார்த்த கண்ணோடு கடைசியாகப் பசிலிக்காவுக்குள் செல்லுங்கள். இயேசுவின் பிறப்பை வானதூதர் மரியாவுக்கு அறிவிக்கும் காட்சியான, அந்திரேயாவின் மங்கள வார்த்தை அறிவிப்புச் சிற்பம் அங்கே இருக்கிறது. நீலத்தின் முன் வெண்மையாகத் தூதரும் மரியாவும். இடையில் லீலி மலர்ச்சாடி. மரியா வியப்பில் சற்றே பின்வாங்கும் அந்த அசைவுக்காகவே நான் இந்த மடத்தின் எல்லாக் கலைப்பொருள்களுக்கும் மேலாக இதை வைப்பேன். இந்தச் செல்வம் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு விடை புளோரன்ஸ் நகரில் இருக்கிறது: 1432-ல் திருத்தந்தை நான்காம் யூஜின் மடத்தின் பாதுகாப்பை அந்நகரத்துக் கம்பளி வணிகர் சங்கத்திடம் ஒப்படைத்தார், அந்நகரத்துச் செல்வர் குடும்பங்கள் சிற்றாலயங்களுக்குச் சிற்பங்களைக் காணிக்கையாக்கின. நெப்போலியன் ஆட்சியில் 1810-லும், இத்தாலிய அரசின் சட்டத்தால் 1866-லும் துறவற மடங்கள் ஒடுக்கப்பட்டபோது இம்மடமும் தப்பவில்லை. ஆயினும் துறவியர் திரும்பி வந்தார்கள்.

நேரம் மிச்சமிருந்தால், பீச் மரங்களும் ஃபிர் மரங்களும் அடர்ந்த காட்டினூடே 1,283 மீட்டர் உயரமுள்ள பென்னா உச்சிக்கு நடந்து வாருங்கள். செப்டம்பர் 17 திருக்காய விழா நாள். அன்று கூட்டம் மிகுதி, அமைதியை நாடுவோர் வேறு நாளில் வருவது நல்லது.

இந்த மலையில் பிறந்த ஒரு பொருளை மட்டும் இங்கே தேட வேண்டாம். திருக்காயங்கள் பெற்ற பின், மனச்சோர்வில் இருந்த தம் உடன்துறவி லியோவுக்காகப் பிரான்சிஸ் தம் கையால் இறைப்புகழ்ச்சியையும் ஆசியையும் எழுதிக்கொடுத்த சிறிய தோல்சுவடி அசிசியில் அவருடைய பசிலிக்காவில் இருக்கிறது. அங்கே போகும்போது, அதன் ஓரத்தில் லியோ சிவப்பு மையால் எழுதிவைத்த குறிப்பைப் பாருங்கள். அது எந்த மலையில், எப்போது எழுதப்பட்டது என்பதை அவரே சொல்லியிருக்கிறார்.