வி.பி.என். இணைந்தும் கந்தோர் சேர்வர் திறக்கவில்லையா?

கோண்டாவிலில் வீட்டிலிருந்தபடி கொழும்புக் கந்தோருக்கு வேலை செய்கிறீர்களா? கந்தோர் வலையமைப்புக்குள் வெளியிலிருந்து நுழைய உதவும் பாதுகாப்பான இணைப்பான வி.பி.என். இணைந்துவிட்டதாகக் காட்டியும் சேர்வர் திறக்காவிட்டால், இணைய வேகத்தைத் திட்டுவதற்கு முன் உங்கள் கணினியின் ஐ.பி. முகவரியை, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, பாருங்கள். வீட்டு ரவுட்டர் தானாக வழங்கும் முகவரியும் கந்தோர் வலையமைப்பும் ஒரே 192.168.1 வரிசையில் இருக்கக்கூடும். அப்படியானால் 192.168.1.20 என்ற கந்தோர் சேர்வரைக் கணினி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும்.

இரண்டும் மோதாமலிருக்க, வீட்டு ரவுட்டரின் லான் (வீட்டு வலையமைப்பு) முகவரியை, உதாரணமாக, 192.168.57.1 என்று மாற்றுங்கள். டி.எச்.சி.பி. எல்லையும், அதாவது ரவுட்டர் தானாக வழங்கும் முகவரிகளின் வரம்பும், 192.168.57.100 முதல் 192.168.57.200 வரை என மாறியிருக்க வேண்டும். சில ரவுட்டர்கள் அதைத் தாமாக மாற்றுவதில்லை, பலர் சறுக்குவதும் இங்கேதான். பிறகு வைஃபையைத் துண்டித்து மீண்டும் இணைத்தால் புதிய முகவரி கிடைக்கும். நிலையான முகவரி கொடுத்துவைத்த பிரிண்டரையும் கமராவையும் கையால்தான் மாற்ற வேண்டும். புதிய ரவுட்டர் முகவரியை அதன் அடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.