தட்டோடு வாருங்கள்: பெண்கள் சங்கத்தில் வேதபாடம் நடத்துவது எப்படி

முதல் நாளே ‘பெண்ணிய இறையியல்’, அதாவது வேதத்தைப் பெண்களின் பார்வையில் வாசிப்பது, என்று ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்தேன். பயிற்சி முகாமில் எழுதிய நோட்டோடு போய் முக்கால் மணி நேரம் பேசினேன். ‘யாருக்காவது கேள்வி உண்டா?’ என்றதும் ஒரு அக்கா, ‘டீ ஆறிப்போகுது டீச்சர்’ என்றார். அதன்பிறகு பதினொரு வருஷமாக எங்கள் சபை வட்டாரமான சேகரத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம் நடத்துகிறேன். நோட்டு பீரோவில் கிடக்கிறது.

கோயிலுக்குள் வேண்டாம். பெஞ்சில் உட்கார்ந்தாலே பிரசங்கம் கேட்கிற முகம் வந்துவிடும். யார் வீட்டுத் திண்ணையிலாவது பாய் விரியுங்கள். எங்கள் நெல்லைப் பக்கம் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். சாயங்காலம் கடையில் ஒப்படைக்க வேண்டும். பீடி சுற்றும் தட்டோடு வரச் சொல்லுங்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். ‘புகையிலையோடு வேதபாடமா?’ என்று ஒரு பெரியவர் கேட்டார். காணிக்கைப் பையில் விழுவதும் அந்தக் காசுதான் என்றேன்.

முதல் பகுதியாக மாற்கு 5:25-34 எடுங்கள்: பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டால், அதாவது நிற்காத உதிரப்போக்கால், அவதிப்பட்ட பெண் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டுச் சுகமான கதை. ஒருவர் வாசிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வாசிக்கத் தெரியாத ஒருவரை அதே கதையைச் சொல்லச் சொல்லுங்கள். ‘இதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறோம்?’ என்று மட்டும் கேட்காதீர்கள், ‘விசுவாசம்’ என்று ஒரே பதில் வரும், கூட்டம் முடிந்துவிடும். பன்னிரண்டு வருஷம் துணிக்கு என்ன செய்திருப்பாள்? வைத்தியருக்குக் கொடுத்த பணம் யாருடையது? சுகமான பிறகும் இயேசு ஏன் அவளைத் தேடினார்? இப்படிக் கேளுங்கள்.

எங்கள் கூட்டத்தில் இளம் பெண்களுக்குப் ‘பெரும்பாடு’ என்ற சொல்லே தெரியவில்லை. ஒரு பாட்டி விளக்கினார். உடனே பக்கத்தில் இருந்தவர், அந்த நாட்களில் தான் நற்கருணைக்குப் போனதே இல்லை என்றார், முப்பது வருஷமாக. ஐயர் (எங்கள் பக்கம் பாஸ்டரை அப்படித்தான் சொல்வோம்) யாரும் தடுக்கவில்லை. அவருடைய அம்மா போகவில்லை, அதனால் அவரும் போகவில்லை. நூல் சுற்றிய கைகள் நின்றுவிட்டன. அந்த இடத்தில் விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுத்து, ‘உண்மையையெல்லாம் அவருக்குச் சொன்னாள்’ என்ற 33ஆம் வசனத்தை மறுபடி வாசித்தேன், அவ்வளவுதான்.

அடுத்தடுத்த வாரங்களில் சொற்களைப் பிடியுங்கள். ஆதியாகமம் 2:18இல் ஏவாள் ஆதாமுக்கு ‘ஏற்ற துணை’. துணை என்றால் எடுபிடி என்று நம் காதில் விழுகிறது. சங்கீதம் 33:20ஐத் திறக்கச் சொல்லுங்கள்: கர்த்தரே ‘நமக்குத் துணை’. இரண்டு இடத்திலும் எபிரெயத்தில் ஒரே சொல், ஏசேர். கர்த்தர் எடுபிடியா என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அப்புறம் ரோமர் 16:1. பெபேயாள் கெங்கிரேயா சபையின் ‘ஊழியக்காரி’. ஊழியக்காரர் என்றால் நமக்குப் பாஸ்டர். ஊழியக்காரி என்றால் வேலைக்காரி மாதிரி கேட்கிறது! 1 கொரிந்தியர் 3:5இல், இந்த நிருபங்களை (கடிதங்களை) எழுதிய பவுல் தன்னையே ஊழியக்காரர் என்கிறார்; கிரேக்கத்தில் இரண்டுக்கும் டியாகொனோஸ்தான். அதே ரோமர் 16, ஏழாம் வசனத்தில் வரும் யூனியாவையும் விடாதீர்கள். அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்ற அவளை நாலாம் நூற்றாண்டின் சபைப் பிதா கிறிசோஸ்தோமே பெண் என்றுதான் புகழ்ந்தார். பின்னால் பல மொழிபெயர்ப்புகள் அவளை ஆணாக்கிவிட்டன.

யாராவது கட்டாயம் 1 கொரிந்தியர் 14:34ஐ எடுப்பார்கள், பெண்கள் சபையில் பேசக்கூடாது என்று. சண்டைக்குப் போகாமல் 11:5ஐ வாசிக்கச் சொல்லுங்கள். பெண்கள் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடச் சொல்கிறார் பவுல். வாயை மூடச் சொல்லவில்லையே. இரண்டும் ஒரே நிருபம். ‘இதெல்லாம் நம்ம சபையில் நடக்குமா?’ என்றால், 2013இல் புஷ்பலலிதா அம்மா நந்தியால் பேராயர் ஆனதைச் சொல்லுங்கள். தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர்தான்.

திண்ணையில் சொன்னது திண்ணையோடு இருக்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். எங்களிடம் ஒரு தடவை வெளியே போய்விட்டது. இரண்டு பேர் ஆறு மாதம் வரவில்லை.

மூன்றாம் மாதத்திலிருந்து பகுதியை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். எங்களில் வீட்டு வேலைக்குப் போகிற ஒருவர் ஆதியாகமம் 16ஐக் கேட்டார். ‘சாராளைப் பற்றியா?’ என்றேன். ‘இல்லை டீச்சர், அவள் வேலைக்காரி ஆகாரைப் பற்றி’ என்றார்.