மோல்டு ரிப்பேருக்கு ஃபில்லர் ராடு எடுக்குறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

பிளாஸ்டிக் பார்ட் வார்க்கற ஸ்டீல் மோல்ட ரிப்பேர் பண்ண டிக் வெல்டிங் டார்ச் புதுசா புடிக்கிற பசங்கள பாத்துட்டே இருக்கேன், நாங்கல்லாம் ஆரம்பத்துல அடிச்ச அதே கூத்த ஒண்ணு விடாம அடிக்கிறாங்க. எண்ணெய் துடைக்கணும், ஆர்கான் ஒழுங்கா வருதான்னு பாக்கணும், இதெல்லாம் நான் சொல்லப்போறதில்ல, அது தெரியாதவங்க மோல்டு பக்கமே வரக்கூடாது. வெல்ட்ல உருக்கி ரொப்புற ஃபில்லர் ராடு கதை மட்டும்.

ஸ்டீல் என்னன்னு கேக்காம ராடு எடுக்குறது

"பாத்தா பி20 மாதிரிதான் இருக்குண்ணே"ன்னுவான். பி20, என்ஏகே80 எல்லாம் மோல்டு ஸ்டீல் கிரேடு, கண்ணால பாத்து எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. கஸ்டமர் கிட்ட டிராயிங் கேளுங்க, பார்ட் லிஸ்ட்ல கிரேடு போட்டிருப்பாங்க. அதுவும் இல்லன்னா ஹார்ட்னஸ் டெஸ்டர் வைங்க. 30 எச்ஆர்சி (கெட்டித்தன அளவு) சுத்தி வந்தா பி20 வகையறா, 40 கிட்ட வந்தா என்ஏகே80ஆ இருக்கலாம், 50ஐ ஒட்டி வந்தா ஹார்டன் பண்ண எச்13 ஸ்டீல் இல்லன்னா 420 ஸ்டெயின்லெஸ். இது குத்துமதிப்புதான், ஆனா ஒண்ணுமே பாக்காம அடிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.

"கிராக்கே வராது" ராடு

இத நெனச்சா இன்னைக்கும் கடுப்பாகுது. 312 ஸ்டெயின்லெஸ் ராடு, 29 சதவீதம் குரோமியம், 9 சதவீதம் நிக்கல். எந்த ஸ்டீல் மேலயும் உக்காரும், கிராக் வராது, சாஃப்டா இருக்கறதால மெஷினிங்கும் சுலபம். அதனாலயே பாதி பேர் எல்லாத்துக்கும் இந்த ஒரு ராட வச்சே ஓட்டுறாங்க.

கார் உள்பக்க பேனலுக்கான கேவிட்டி (மோல்டோட குழிப்பக்கம்) ஒண்ணு எங்ககிட்ட வந்துச்சு, பி20. டிசைன் மாறினதுல ஒரு பள்ளத்த ரொப்ப வேண்டி வந்து வேற ஒரு ஷாப்ல 312ல அடிச்சிருக்காங்க. மில்லிங் முடிஞ்சு, ஸ்டோன் (தேய்க்கிற கல்லு) போட்டு, பாலிஷ் பண்ணி, பின்ஹோல் ஒண்ணு கூட இல்ல, எல்லாரும் சந்தோஷமா டெக்ஸ்சருக்கு (ஆசிட்ல அரிச்சு தோல் மாதிரி வரி விழ வைக்கிற வேலை) அனுப்பிட்டாங்க. ஆசிட்ல இருந்து வெளிய எடுத்தா உள்ளங்கை அளவுக்கு தேமல் மாதிரி ஒரு திட்டு! சுத்தி லெதர் கிரெய்ன் அழகா விழுந்திருக்கு, அந்த இடம் மட்டும் மொழுமொழுன்னு நிக்குது.

பி20ல குரோமியம் 2 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், ஆசிட் அத அரிக்கும். 29 சதவீதம் குரோமியம் இருக்கற இடத்த அது தொடவே தொடாது, அவ்ளோதான் விஷயம். ஆனா திட்டு வாங்குனது யாரு? டெக்ஸ்சர் போட்டவரு. அப்புறம் மொத்த டெக்ஸ்சரையும் ஸ்டோன் போட்டு எடுத்து, வெல்ட தோண்டி, பி20 ராடுல திரும்ப ரொப்பி, மறுபடி டெக்ஸ்சர். வெல்டர் மிச்சம் புடிச்சது ஒரு ராடு காசு.

312ஐ தொடவே கூடாதுன்னு சொல்லல. ஆழமான பள்ளம், கிராக் பயம் இருந்தா அடியில ரெண்டு லேயர் அது போகட்டும். மேல மட்டும் மோல்டு என்ன ஸ்டீலோ அதே ராடுல முடிங்க, மெஷினிங் முடிஞ்சப்புறமும் 2 மில்லியாவது அந்த ராடு மெட்டல் நிக்கணும். உட்டேஹோம் மாதிரி ஸ்டீல் கம்பெனிங்களே இம்பாக்ஸுக்கு (அவங்க பி20 வகை) ஒண்ணு, ஸ்டாவாக்ஸுக்கு (அவங்க 420 வகை) ஒண்ணுன்னு தனித்தனி டிக் ராடு விக்குது, சும்மாவா விக்குறாங்க?

ராடு மேட்ச் ஆயிட்டாலும் வேலை முடியல. வெல்ட சுத்தி சூடான இடம் கெட்டியாகி நிக்கும், டெம்பர் (திரும்ப சூடேத்தி கெட்டித்தனத்த தணிக்கிறது) பண்ணாம டெக்ஸ்சருக்கு அனுப்புனா திட்டுக்கு பதிலா வளையம் தெரியும். அந்த ஸ்டீல மொதல்ல டெம்பர் பண்ண டெம்பரேச்சர விட 10, 20 டிகிரி கம்மியா வச்சு எடுத்துட்டு அனுப்புங்க. இது டெக்ஸ்சர் போற மோல்டான்னு மொதல்லயே கேளுங்கப்பா, கேட்டா என்ன கொறஞ்சா போயிடும்.

ஹார்டா இருந்தா நல்லதுதானே

இல்ல. 30 எச்ஆர்சில இருக்கற பி20 மேல 55 வர்ற ராட போட்டா பாலிஷ் பண்றப்ப ஸ்டோன் சுத்தி இருக்கற சாஃப்ட் ஸ்டீல தின்னுடும், வெல்ட் மேடா நிக்கும், லைட்ட சாய்ச்சு புடிச்சா அலை அடிக்கும். பார்ட்டிங் லைன்ல (மோல்டோட ரெண்டு பாதியும் சேர்ற கோடு) போட்டீங்கன்னா எதிர்ப்பக்கம் பள்ளம் வாங்கி ஃபிளாஷ் (இடுக்குல பிதுங்குற பிளாஸ்டிக்) வர ஆரம்பிக்கும்.

மோல்டு ஸ்டீலோட அதே பிளாக்ல பட்டை வெட்டி ராடா உருக்குறது

பி20க்கு சமாளிக்கலாம், மேட்ச் ராடு கைல இல்லாதப்ப நானும் பண்ணுவேன். டி2 டூல் ஸ்டீல்ல வேணவே வேணாம். அதுல கார்பனே 1.5 சதவீதம், ஆறுறப்பவே டிக்குனு கிராக் விடுற சத்தம் கேக்கும்.

சரியான ராடு, சூடேத்தாத மோல்டு

அடிக்கிறதுக்கு முன்னாடி மோல்ட சூடேத்தணும்: ஹார்டன் பண்ண எச்13ன்னா 325 டிகிரிக்கு மேல, பி20ன்னா 200லிருந்து 250. சூடு ஏத்தாம அடிச்சா எந்த ராடும் காப்பாத்தாது.

தடிமன்

கூரான கார்னருக்கு 2.4 மில்லி ராடு வேணாம். 1.0, 1.2 போதும்.

துண்டு ராடு

ராடோட ஒரு முனையில கிரேடு நம்பர் குத்தியிருக்கும், இல்ல டேக் ஒட்டியிருக்கும். அந்தப் பக்கத்துலருந்து உருக்காதீங்க. நம்பர் போன துண்டு எதுன்னு தெரியலன்னா பெஞ்ச் கால் ஒட்ட வச்சுக்கோங்க, மோல்டு கிட்ட கொண்டு வராதீங்க.