பழைய பவர் ஆம்ப்ளிஃபயரில் எரிந்துபோன அவுட்புட் டிரான்சிஸ்டர்களை மாற்றும் முறை

சுவிட்சைப் போட்டவுடன் ஃப்யூஸ் போய்விடுகிற, அல்லது ஒரு சேனல் மட்டும் ஊமையாகிவிட்ட பழைய ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் ஹீட் சிங்க்கில் அமர்ந்திருக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஒன்றோ இரண்டோ கலெக்டர், எமிட்டர் என்ற இரு முனைகளுக்கு இடையே ஷார்ட் ஆகியிருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டுவது அரை மணி நேர வேலைதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டு மின்சாரம் கொடுப்பவருக்குப் புதிய டிரான்சிஸ்டர்களும் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். நான் முதன்முதலில் பழுது பார்த்தபோது எனக்கு நேர்ந்ததும் அதுவே. அவுட்புட் டிரான்சிஸ்டரை மாற்றினேனே தவிர, அதை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரும் ஷார்ட் ஆகியிருந்ததைப் பார்க்கவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்களே, அந்தக் கதைதான். ஆகவே, இந்த விளக்கத்தில் மாட்டுகிற வேலையைவிடத் தேடுகிற வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தேவையான பொருள்கள்: டையோடு சோதனை வசதியுள்ள மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப், ஹீட் சிங்க் பேஸ்ட், டிரான்சிஸ்டரையும் ஹீட் சிங்க்கையும் மின்தொடர்பின்றிப் பிரிக்கும் மைக்கா தகடுகள், 470 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று, 60 அல்லது 100 வாட் இழை பல்ப் பொருத்திய சீரிஸ் லேம்ப் (மின்சாரம் பல்ப் வழியாகவே ஆம்ப்ளிஃபயருக்குப் போகும்படி தொடராக இணைத்த விளக்கு). எல்இடி பல்ப் இதற்கு உதவாது. இழை சூடேறச் சூடேற அதன் மின்தடை கூடுவதால்தான் பல்ப் காவலாளியாக வேலை செய்கிறது; இழை பல்ப் கிடைக்காவிட்டால் ஹாலஜன் பல்பைப் பயன்படுத்தலாம்.

முதலில் கெபாசிட்டர்களை வெறுமையாக்குங்கள்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்வழங்கியின் பெரிய கெபாசிட்டர்களில் மின்னழுத்தம் தங்கியிருக்கும், குறிப்பாக ஃப்யூஸ் போய்விட்ட ஆம்ப்ளிஃபயரில் அது வடிய வழியே இல்லாமல் நீண்ட நேரம் நிற்கும். 50 வோல்ட்டில் நிற்கும் 10,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் 12.5 ஜூல் ஆற்றல் இருக்கிறது. ஸ்குரூ டிரைவரால் அதை ஷார்ட் செய்தால் தீப்பொறி பறந்து முனை உருகும், கெபாசிட்டரும் கெடலாம். அதற்குப் பதிலாக, 470 ஓம் ரெசிஸ்டரைக் கெபாசிட்டரின் இரு முனைகளுக்கும் இடையே அரை நிமிடம் வைத்துப் பிடியுங்கள். அதன் கால்களை இன்சுலேஷன் செய்து, இடுக்கியால் பிடிப்பது நல்லது. பிறகு மீட்டரால் அளந்து, 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை உறுதி செய்யுங்கள். நேர்மறை, எதிர்மறை என இரு மின்வழிகள் இருந்தால் இரண்டிலும் இதைச் செய்ய வேண்டும்.

எதெல்லாம் போயிருக்கிறது?

பலகையில் இருக்கும்போதே மீட்டரை ஓம் அளவில் வைத்து ஒவ்வொரு அவுட்புட் டிரான்சிஸ்டரின் கலெக்டர், எமிட்டர் இடையே பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிய அளவு வந்தால் அங்கே ஷார்ட் இருக்கிறது. ஒரு சேனலில் இரண்டு, மூன்று டிரான்சிஸ்டர்கள் இணையாக இருந்தால், ஒன்று ஷார்ட் ஆனாலே எல்லாம் ஷார்ட் ஆனதுபோலத் தெரியும். அதனால் சந்தேகப்பட்ட ஒவ்வொன்றையும் கழற்றித் தனியே சோதிப்பதே சரியான முறை. கழற்றும் முன் ஒயர்களின் நிறத்தையும் இடத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிரான்சிஸ்டரில் என்பிஎன், பிஎன்பி என மின்னோட்டத் திசை எதிரெதிரான இரு வகைகள் உண்டு. கழற்றிய என்பிஎன் சிலிக்கான் டிரான்சிஸ்டரில் சிவப்பு முனையை மூன்றாவது முனையான பேஸில் வைத்து, கருப்பு முனையை எமிட்டரிலும் கலெக்டரிலும் மாறி மாறி வைத்தால் டையோடு சோதனையில் ஏறத்தாழ 0.5 முதல் 0.65 வோல்ட் வர வேண்டும். முனைகளைத் திருப்பினால் எதுவும் காட்டக் கூடாது. கலெக்டர், எமிட்டர் இடையே இரு திசையிலும் ஓப்பனாக இருக்க வேண்டும். பிஎன்பி வகையில் முனைகள் தலைகீழ். ஒரே உறைக்குள் இரண்டு டிரான்சிஸ்டர்களை அடுத்தடுத்து இணைத்த டார்லிங்டன் வகையில் பேஸ், எமிட்டர் இடையே இரண்டு சந்திப்புகள் தொடராக இருப்பதால் அளவு இதைவிடக் கூடும். உள்ளேயே ரெசிஸ்டர்களும் டையோடும் இருப்பதால் திருப்பி வைத்தாலும் ஏதாவது காட்டும், அதைப் பழுது என்று எண்ணிவிடாதீர்கள். மிகப் பழைய பெட்டிகளில் 0.2 வோல்ட் அளவில் காட்டினால் அது ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். அதன் இடத்தில் சிலிக்கானை அப்படியே மாட்ட முடியாது, பயாஸ் சுற்றே (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓட வேண்டிய சிறு மின்னோட்டத்தை அமைக்கும் பகுதி) மாற வேண்டியிருக்கும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதைத் தொடாமல் விடுவதே மேல்.

இனி, டிரான்சிஸ்டரைச் சுற்றியுள்ளவை. டிரைவர் டிரான்சிஸ்டர்கள் இரண்டையும் கழற்றி இதே முறையில் சோதியுங்கள். எமிட்டரில் 0.22 முதல் 0.47 ஓம் வரையுள்ள 5 வாட் ரெசிஸ்டர்கள் இருக்கும். இவை வெளியே சேதமின்றித் தோன்றியும் உள்ளே ஓப்பனாகியிருக்கலாம். சாதாரண மீட்டரில் ஒயர்களின் மின்தடையே சில பத்தில் ஒரு பங்கு ஓம் இருப்பதால் துல்லியமான அளவை எதிர்பார்க்க வேண்டாம், ஓப்பனா இல்லையா என்பதே இங்கே கேள்வி. பேஸுக்குச் செல்லும் சிறிய ரெசிஸ்டர்கள், பயாஸ் டையோடுகள் அல்லது பயாஸ் டிரான்சிஸ்டர், பயாஸ் பிரீசெட் (திருப்பி மின்தடையை மாற்றும் சிறு ரெசிஸ்டர்) ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். என் அனுபவத்தில் அதிகம் ஏமாற்றுவது இந்தப் பிரீசெட்தான். பல ஆண்டுகள் தூசியும் ஈரமும் பட்டு, அதன் நகரும் முனை தடத்தைத் தொடாமல் போனால், சில சுற்றுகளில் பயாஸ் மின்னோட்டம் உச்சத்துக்கு ஏறி டிரான்சிஸ்டர்களைச் சுட்டுவிடும். நான் அதைச் சோதிப்பதில்லை, புதிதாகவே மாற்றிவிடுகிறேன்.

ஸ்பீக்கர் முனையருகே 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தொடராக இருப்பதைப் பல ஆம்ப்ளிஃபயர்களில் காணலாம். அந்த ரெசிஸ்டர் கருகியிருந்தால், காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் ஆம்ப்ளிஃபயர் தானே அலைவுற்றிருக்கிறது என்று பொருள். இதைத் தவிர, ஸ்பீக்கர் ஒயர்கள் ஒன்றையொன்று தொட்டிருப்பது, அளவுக்குக் குறைந்த ஓம் கொண்ட ஸ்பீக்கர், காய்ந்து பொடியாகிப்போன ஹீட் சிங்க் பேஸ்ட் ஆகியவை வழக்கமான காரணங்கள்.

மாற்று டிரான்சிஸ்டர்

அதே எண் கிடைத்தால் நல்லது என்று தோன்றும், ஆனால் உற்பத்தி நின்று பல ஆண்டுகளான எண்ணில் புத்தம் புதிதாகக் கிடைப்பவற்றில் போலிகள் மிகுதி. சிறிய டிரான்சிஸ்டரை எடுத்துப் பெரிய எண்ணை அச்சிட்டு விற்பார்கள். இன்றும் உற்பத்தியில் உள்ள மாற்றை நம்பகமான விநியோகஸ்தரிடம் வாங்குவதே பாதுகாப்பு. புகழ்பெற்ற 2என்3055 கலெக்டர், எமிட்டர் இடையே 60 வோல்ட், 15 ஆம்பியர், 115 வாட் வரை தாங்கும். எம்ஜே15003 140 வோல்ட், 20 ஆம்பியர், 250 வாட் தாங்கும். அதன் பிஎன்பி இணை எம்ஜே15004. இரு மின்வழிகளுக்கும் இடையிலான மொத்த மின்னழுத்தத்தைக் கணக்கில் கொள்ளுங்கள்: கூட்டல் 40, கழித்தல் 40 வோல்ட் உள்ள ஆம்ப்ளிஃபயரில் டிரான்சிஸ்டர் சந்திக்கக்கூடியது ஏறத்தாழ 80 வோல்ட், ஆகவே அங்கே 2என்3055 கூடாது.

வேகமும் முக்கியம். பழைய முறையில் செய்யப்பட்ட 2என்3055 ஏறத்தாழ 0.8 மெகாஹெர்ட்ஸ் அளவில் நின்றுவிடும் மந்தமான டிரான்சிஸ்டர். அந்த மந்தத்தை நம்பியே அமைக்கப்பட்ட சுற்றில் பல மடங்கு வேகமானதை மாட்டினால் அலைவு கிளம்பலாம். எனவே வலிமை கூடியதைத் தேடுங்கள், வேகம் மட்டும் பழையதற்கு அருகிலேயே இருக்கட்டும். ஒன்று மட்டும் போயிருந்தாலும் அந்தச் சேனலின் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் அனைத்தையும் சேர்த்தே மாற்றுவது நல்லது, ஏனெனில் பிழைத்திருப்பவையும் அதே அதிர்ச்சியைத் தாங்கியவையே.

இன்னொன்று: 1960களில் தரமான பிஎன்பி சிலிக்கான் பவர் டிரான்சிஸ்டர்கள் அரிதாக இருந்ததால், பல பழைய ஆம்ப்ளிஃபயர்களில் மேலும் கீழும் என்பிஎன்னே இருக்கும். அதைத் தவறு என்று நினைத்து ஒன்றைப் பிஎன்பியாக மாற்றிவிடாதீர்கள்.

பொருத்துதல்

ஹீட் சிங்க்கின் பழைய பேஸ்டை ஸ்பிரிட்டால் துடையுங்கள். மைக்கா தகட்டின் இரு பக்கமும் பேஸ்டை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். இட்டிலிக்குச் சட்னி போல அப்பினால் வெப்பம் கடத்துவது குறையுமே தவிரக் கூடாது. சிலிக்கோன் ரப்பர் தகடு பயன்படுத்தினால் பேஸ்ட் தேவையில்லை. டிஓ-3 எனப்படும் உலோக உடல் டிரான்சிஸ்டரில் இரு கால்களும் மையத்திலிருந்து விலகி இருப்பதால் திருப்பிப் பொருத்த முடியாது. ஆனால் அதன் உடலே கலெக்டர். திருகுகளைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் புஷ்களை மறந்தால் மின்வழி நேராக ஹீட் சிங்க்கில் இறங்கிவிடும். திருகிய பின் உடலுக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே மீட்டரை வையுங்கள், ஓப்பனாக இருக்க வேண்டும். இந்தச் சோதனையை முடிக்காமல் கால்களுக்கு ஈயம் வைக்காதீர்கள்.

முதல் மின்சாரம்

பயாஸ் பிரீசெட்டை மின்னோட்டம் மிகக் குறையும் பக்கத்துக்குத் திருப்பி வையுங்கள். எந்தப் பக்கம் என்பது சுற்றுக்குச் சுற்று மாறும், ஆகவே சர்க்யூட் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல், உள்ளீடு எதுவும் கொடுக்காமல், சரியான அளவுள்ள ஃப்யூஸுடன் சீரிஸ் லேம்ப் வழியே சுவிட்சைப் போடுங்கள். கெபாசிட்டர்கள் நிரம்பும்போது பல்ப் ஒருமுறை பளிச்சென்று எரிந்து, ஓரிரு நொடிகளில் மங்க வேண்டும். பிரகாசமாகவே நின்றால் உடனே அணைத்துவிட்டு, கெபாசிட்டரை வெறுமையாக்குவதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். எங்கோ ஒரு ஷார்ட் இன்னும் மிச்சமிருக்கிறது.

மங்கிவிட்டால், ஸ்பீக்கர் முனையில் டிசி மின்னழுத்தத்தை அளக்கவும். இரட்டை மின்வழி ஆம்ப்ளிஃபயரில் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. சில வோல்ட் இருந்தால் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள், அதன் காயில் சூடாகிக் கெடலாம். ஒற்றை மின்வழியும் வெளியீட்டில் பெரிய கெபாசிட்டரும் உள்ள பழைய வகையில், அந்தக் கெபாசிட்டருக்கு முன்னால் மின்வழங்கியின் ஏறத்தாழப் பாதி மின்னழுத்தம் இருக்க வேண்டும். பாதுகாப்பு ரிலே உள்ளவற்றில், பல்ப் வழியே மின்னழுத்தம் குறைவாகக் கிடைப்பதால் ரிலே இழுக்காமல் போகலாம். அதற்காகக் கலங்க வேண்டாம்.

பயாஸ் அமைத்தல்

சீரிஸ் லேம்ப்பை நீக்கி, நேரடி மின்சாரத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். டிரான்சிஸ்டரின் உடலில் மின்வழியின் முழு மின்னழுத்தம் நிற்பதால், மீட்டர் முனை வழுக்கினால் இதுவரை செய்தது அத்தனையும் வீண். கொக்கி முனைகளை மின்சாரம் இல்லாதபோதே மாட்டிவிட்டு, கையை எடுத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

ஒரு எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் இடையே மில்லிவோல்ட் அளவை அளந்து, ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்: 0.22 ஓமில் 5.5 மில்லிவோல்ட் என்றால் 25 மில்லிஆம்பியர், 11 மில்லிவோல்ட் என்றால் 50. சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. இரண்டு ரெசிஸ்டர்களையும் சேர்த்து அளக்கச் சொல்லியிருந்தால் எண் இரட்டிப்பாகும் என்பதைக் கவனியுங்கள். பிரீசெட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, சொன்ன அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் சூடேற விட்டு மறுபடி சரிசெய்யுங்கள். எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் அணைத்துவிட்டு, பயாஸ் டிரான்சிஸ்டரோ டையோடோ ஹீட் சிங்க்கை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். சூட்டை உணர்ந்து மின்னோட்டத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை.

அளவு நிலைத்தபின், போனாலும் கவலையில்லாத ஒரு பழைய ஸ்பீக்கரை இணைத்து, மிதமான ஒலியில் ஒரு மணி நேரம் பாட விடுங்கள். பிறகு அணைத்துவிட்டு, இரு சேனல்களின் ஹீட் சிங்க்கையும் தொட்டுப் பாருங்கள். சூடு ஏறத்தாழச் சமமாக இருந்தால், மீண்டும் போட்டு மில்லிவோல்ட் அளவை ஒருமுறை சரிபார்த்துவிட்டு மூடியைத் திருகலாம்.