நாய்க்குட்டி வாங்க முதல்

யாழ்ப்பாணத்தில் தின்னவேலிச் சந்தைப் பக்கம் கோழித்தீவனம், தவிடு, புண்ணாக்கு விற்கிறேன். நாய்ச் சாப்பாடும் வைத்திருப்பதால், "அக்கா, என்ன நாய் வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்கள் ஏராளம். அதில் பாதிப்பேர் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற பெற்றோர். கனடாவிலிருந்து மகன் காசு அனுப்பியிருப்பான். பெரிய வளவு, வயதான இரண்டு பேர் தனிய. ஆகவே அல்சேஷன் வேண்டுமாம்.

நான் திருப்பிக் கேட்பது, அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு யார் நடக்கிறது? வளர்ந்த அல்சேஷன் கடுவன் 30 முதல் 40 கிலோ வரும். பூனையைக் கண்டு ஒரு இழுவை இழுத்தால் எழுபது வயது அம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார். 1899இல் ஜெர்மனியில் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படைக்காரர், ஆட்டு மந்தையை நாள் முழுக்கச் சுற்றிவந்த நாய்களை வைத்துத்தான் அந்த இனத்தை நிலைநிறுத்தினார். அப்படிப்பட்டதைக் கேற்றடியில் சங்கிலியில் கட்டிவிட்டால் குரைத்துக் குரைத்து, கடைசியில் சோறு வைக்கிறவரைப் பார்த்தே உறுமும். இடுப்பு மூட்டு நோயும் அந்த இனத்தில் அதிகம். தாய், தகப்பன் நாய்கள் எழும்பி நடப்பதைப் பார்க்காமல் குட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

எந்த இனத்தையும், என்ன வேலைக்கு இதை உருவாக்கினார்கள் என்று கேட்டால் பாதி விடை வந்துவிடும். டோபர்மன் என்பவர் ஜெர்மனியில் அப்போல்டா என்ற ஊரில் வரி அறவிட்டவர். காசோடு போகும்போது துணைக்கென்று அவர் வளர்த்த நாய்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. (வரி கேட்டுப் போகிறவருக்கு நாய்த்துணை தேவைதான்.) ஆளோடு ஒட்டித் திரிகிற சாதி அது. தோட்டத்தில் காவலுக்கு விட்டுவிட்டு நீங்கள் வீட்டில் படுத்தால் சரிவராது. ரொட்வைலர் மாடு சாய்த்த நாய், பலசாலி. முதன்முதலாக நாய் வளர்க்கிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு லப்ரடோரைச் சொல்வேன். காவலை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், கள்ளனுக்கும் வாலை ஆட்டும். கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு தண்ணீரில் வேலை செய்த நாய்களின் வழிவந்தது. அதன் பிரச்சினை வயிறு. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டது, ஏறத்தாழ நாலில் ஒரு லப்ரடோரில் பசியைக் கூட்டுகிற மரபணு மாற்றம் இருக்கிறது என்று. ஆகவே அது பார்க்கிற பார்வைக்கு இரங்கி மிச்சப் புட்டு முழுவதையும் போட்டால் மூன்று வயதில் பீப்பாய்தான். மிச்சக் கறியில் வெங்காயம் இருக்கும், அது எந்த நாய்க்கும் கூடாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் சொக்கிலேட்டும் அப்படியே.

பக், புல்டோக், ஹஸ்கி மூன்றையும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். நாய் எங்களைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைக் கழிக்கும். பக், புல்டோக் மாதிரி மூக்குச் சப்பையாக இருந்தால் அந்த வழியும் அடைபட்டுப்போகும். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மின்சாரமும் நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ஹஸ்கி சைபீரியப் பனியில் வண்டி இழுத்தது, மயிர் இரட்டை அடுக்கு. யாழ்ப்பாணத்தில் அதற்கு ஏசி போட்டுக் கொடுக்கிறவர்களும் இருக்கலாம், எங்கள் மின்கட்டணத்துக்கு அது கட்டாது.

சிறிய வீடு, ஆள் வந்தால் சத்தம் போட ஒன்று வேண்டுமென்றால் பொமரேனியன் போதும். மயிரைச் சீவ நேரம் வேண்டும், அயலவருக்குப் பொறுமை வேண்டும்.

இப்போது இளம்பிள்ளைகள் ராஜபாளையம் கேட்கிறார்கள். 2005இல் இந்திய அஞ்சல்துறை முத்திரை வெளியிட்ட நாலு நாய் இனங்களில் அதுவும் ஒன்று. வெயிலுக்கு நல்லது, ஆனால் வேட்டைநாய், ஓட இடம் வேண்டும், கோழி வளர்க்கிற வீட்டுக்கு ஆகாது. வெள்ளைக் குட்டிகளில் செவிடு பிறப்பதுண்டு. வாங்க முதல் அதற்குத் தெரியாமல் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். திரும்பாவிட்டால் யோசிக்க வேண்டும்.

எந்தக் குட்டியானாலும் எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். கூடப் பிறந்த ஒன்று சத்தியெடுத்தபடி கிடந்தால் மற்றதையும் வாங்காதீர்கள், பார்வோ என்ற தொற்றுநோயாக இருக்கலாம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். முந்திய குட்டி உங்கள் வளவிலேயே அப்படிச் செத்திருந்தால், அடுத்ததற்கு ஊசி முழுதும் போட்ட பிறகே கொண்டுவாருங்கள். ஊசி ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கு ஒருதடவை, பதினாறு கிழமைவரை போகும்.

எங்கள் ஊரில் உண்ணிதான் பெரிய எதிரி. உண்ணியால் பரவும் காய்ச்சலில் பல்முரசு வெளிறும், சிலவேளை மூக்கால் இரத்தம் வரும். உடனே மிருக வைத்தியரிடம் போங்கள். மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை என்னிடம் வாங்கி நாய்க்கு ஊற்ற நினைக்கிறவர்களுக்கு நான் விற்பதில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்ப எதைத்தான் வாங்குகிறது?" என்பார்கள். நான் சொல்வது ஊர் நாயை. எங்கள் சூட்டுக்கும் சோற்றுக்கும் பழகியது, உடம்பு கெட்டி, அந்நியன் படலையைத் தொட்டால் போதும், குரைக்கும். காசும் இல்லை. சந்தையடியிலும் கோயில் வீதியிலும் சாக்கில் கட்டி விட்டுப்போவது பெரும்பாலும் பெட்டைக்குட்டிகளைத்தான். குட்டி போடும் என்ற பயம். ஆறு மாதமளவில் கருத்தடை செய்தால் அந்தத் தொல்லை இல்லை, வீட்டைவிட்டு அலைவதும் குறைவு. விசர்நாய்த் தடுப்பூசியை வருடாவருடம் போட்டு, அட்டையைக் குடும்ப அட்டை வைக்கிற இடத்திலேயே வையுங்கள். யாரையாவது கீறினாலோ கடித்தாலோ ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது நாய்க்கு ஊசி போட்டதா என்றுதான்.