எஸ்பிஎம் முடித்த பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் முன்: தோட்டத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்பிஎம்மின் முடிவு வரும் முன்பே, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டத்துப் பட்டணங்களுக்குத் தனியார் கல்லூரி ஏஜெண்டுகள் வந்துவிடுவார்கள். பள்ளி வாசலில் நிற்பார்கள், கோயில் திருவிழாவில் மேசை போடுவார்கள், சில நேரம் லயத்து வீட்டுக்கே வந்து நாற்காலி கேட்பார்கள். கையில் வழவழ கையேடு, பேச்சில் இலவச லேப்டாப். "அக்கா, இன்னிக்கு 300 வெள்ளி மட்டும் கட்டிடுங்க, தம்பிக்கு இடம் உறுதி. மத்ததெல்லாம் பிடிபிடிஎன் பாத்துக்கும்."

பிடிபிடிஎன் என்பது அரசாங்க உயர்கல்விக் கடன். அந்த 300 வெள்ளியை (ரிங்கிட்டை) அன்றைக்குக் கட்டாமல் இருப்பதுதான் முதல் வேலை. தனியார் கல்லூரி கெட்டது என்பதற்காக இல்லை. நல்ல கல்லூரிகள் நிறைய உண்டு. அரசாங்க இடங்களின் பதில் வரப் பல வாரமாகும். அதற்குள் காசு கட்டியவர் சேர்ந்து, கையெழுத்துப் போட்டு, ஹாஸ்டலுக்கும் முன்பணம் கொடுத்திருப்பார். பிறகு மெட்ரிகுலேஷன் என்ற அரசாங்க முன்பல்கலைக்கழகப் படிப்பு கிடைத்தாலும், "கட்டின காசு போயிடுமே" என்று கிட்டத்தட்ட இலவசமான இடத்தை விட்டுவிடுகிறார்கள். தனியார் கல்லூரிக்கு வருடத்தில் பல முறை சேர்க்கை உண்டு. இன்றைக்கு "கடைசி இடம்" என்பவரிடம் அடுத்த சேர்க்கைக்கும் இடம் இருக்கும்.

எந்த வாசலுக்கு எந்த விண்ணப்பம்

அரசாங்கத்துக்கு ஒரே விண்ணப்பம் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. யுபியு ஆன்லைன் என்ற அரசாங்கச் சேர்க்கைப் பக்கத்தின் வழியாகப் பொதுப் பல்கலைக்கழகங்களின் அசாசி (பட்டப்படிப்புக்கு முந்திய அடிப்படைப் படிப்பு), டிப்ளோமா, போலிடெக்னிக், கொலேஜ் கொமுனிட்டி (சமூகக் கல்லூரி) ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். மெட்ரிகுலேஷன் அதில் இல்லை. கல்வியமைச்சின் தனி இணையப் பக்கத்தில் போட வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்பும் பிள்ளை ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் பட்டப்படிப்புக்கு, அதாவது பிஐஎஸ்எம்பிக்கு, இன்னொரு விண்ணப்பம் போட வேண்டும். அட்தெக் போன்ற தொழில்திறன் நிலையங்களுக்கு யூபி டிவெட் பக்கம் இருக்கிறது. எஸ்பிஎம்முக்குப் பிந்திய பள்ளிப் படிப்பான ஆறாம் படிவத்துக்குத் தகுதி உள்ளவர்களுக்கு அமைச்சே பள்ளி ஒதுக்கும். அடையாளக் கார்டு எண்ணைப் போட்டு இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். இவற்றில் நான்கு இடத்துக்காவது விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

யுபியுவில் பெரும்பாலும் எஸ்பிஎம் முடிவுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும், முடிவு வந்ததும் தேர்வுகளைத் திருத்தச் சில நாள் கொடுப்பார்கள். இந்த இரண்டாவது கட்டத்தில்தான் நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். முன்பு குத்துமதிப்பாகப் போட்ட பட்டியல் அப்படியே போய்விடுகிறது. முடிவு கைக்கு வந்த அன்றே உட்கார்ந்து வரிசையை மாற்றுங்கள். முதல் சில இடங்களில் ஆசைப்பட்டதைப் போடலாம். நடுவில் மதிப்பெண்ணுக்குப் பொருந்துவதும், கடைசி இரண்டு மூன்றில் நிச்சயம் கிடைக்கும் என்று தோன்றும் போலிடெக்னிக் டிப்ளோமாவும் இருக்கட்டும். எல்லா வரியிலும் மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் போகும் அசாசியையே அடுக்கி, ஒன்றும் கிடைக்காமல் கை பிசைந்து நிற்கும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கலாம். எஸ்பிஎம் மாணவருக்குத் தரவரிசைப் புள்ளியில் 90 விழுக்காடு படிப்பு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. அதனால் விளையாட்டு, சாரணர், கழகச் சான்றிதழ்களை ஒரு கோப்பில் வைத்திருங்கள். சில பாடத்திட்டங்களுக்கு நேர்காணல் உண்டு. பெயருக்குப் பக்கத்தில் குறி இருக்கும். அந்த அழைப்பு மின்னஞ்சலிலோ இணையப் பக்கத்திலோதான் வரும்.

வீட்டில் ஒரே கைப்பேசி, ப்ரீபெய்ட் எண், டாப்அப் போடாமல் எண் செத்துப்போவது எல்லாம் நமக்குப் பழக்கம். விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணையும் மின்னஞ்சலையும் அந்த வருடம் முழுக்க மாற்றாதீர்கள். கடவுச்சொல்லை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீடு உண்டு, ஆனால் அதற்கான நாள்கள் கொஞ்சமே. வெளியான வாரத்திலேயே போட வேண்டும்.

சுங்கை சிப்புட் பிள்ளைக்குப் பல இடங்கள் தூரமில்லை. ஈப்போவில் 1969இல் தொடங்கிய உங்கு ஒமார் போலிடெக்னிக், கோப்பெங்கில் பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரி, கம்பாரில் யூத்தார் பல்கலைக்கழகம், தஞ்சோங் மாலிமில் உப்சி பல்கலைக்கழகம், எல்லாம் பேராக்கிலேயே. கெடாவில் பீடோங் பக்கம் எய்ம்ஸ்ட் இருக்கிறது. யூத்தாரும் எய்ம்ஸ்டும் தனியார் பல்கலைக்கழகங்கள், கட்டணக் கணக்கைத் தனியாகப் போட வேண்டும்.

ஆறாம் படிவத்தை ஒதுக்காதீர்கள்

"ரெண்டு வருஷம் வீணாப்போகும்" என்று ஆறாம் படிவத்தை வேண்டாம் என்பது நம்மிடம் வேரூன்றிவிட்டது. ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வு மூன்று பருவம், சுமார் 18 மாதம். பிள்ளை வீட்டிலிருந்தே போய் வரலாம், செலவு மிகக் குறைவு. ஒவ்வொரு பருவத்துக்கும் தேர்வு இருப்பதால், முதல் இரண்டு பருவத்தில் சறுக்கிய தாளை மறுபடி எழுதவும் வாய்ப்பு உண்டு. பிறகு அந்த முடிவோடு பொதுப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு யுபியுவில் நேராக விண்ணப்பிக்கலாம். காசு இறுக்கமான வீட்டுக்கு இதைவிட மலிவான பட்டப் பாதை இல்லை என்பது எங்கள் கருத்து. மியூட் ஆங்கிலத் தேர்வை மட்டும் கடைசிப் பருவம் வரை தள்ளாதீர்கள்.

மெட்ரிகுலேஷன் ஒரே வருடத்தில் முடியும், ஹாஸ்டல் உண்டு, வேகம் அதிகம். எஸ்பிஎம்மில் 10 ஏ எடுத்தவர்களுக்கு இனபேதமின்றி இடம் தரப்படும் என்று 2024இல் அரசு அறிவித்தது. ஏ மைனஸும் அந்தப் பத்தில் சேருமா என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை கிரெடிட் இருந்தால் எது

சி முதல் மேலே கிரெடிட். டியும் ஈயும் தேர்ச்சிதான், கிரெடிட் இல்லை. அசாசிக்குக் குறைந்தது 5 கிரெடிட், டிப்ளோமாவுக்கு 3, சான்றிதழ் படிப்புக்கு 1. இது அடிமட்ட அளவு. தாதிமை, பொறியியல் போன்றவை கூடுதலாகக் கணக்கும் அறிவியலும் கேட்கும். இரண்டு கிரெடிட் வைத்திருக்கும் பிள்ளையை டிப்ளோமாவில் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒருவர் சொன்னால், அந்த டிப்ளோமாவின் அங்கீகாரத்தை இரண்டு முறை பாருங்கள்.

பஹாசா மலேசியாவிலும் வரலாற்றிலும் தேறாமல் எஸ்பிஎம் சான்றிதழே கிடைக்காது. மற்ற பாடத்தில் எத்தனை ஏ இருந்தாலும் அதே கதைதான். அப்படித் தேறாதவர்கள் எஸ்பிஎம் மறுதேர்வுக்கு உடனே பதிய வேண்டும். படிப்பு வரவில்லை, கைவேலை வரும் என்ற பிள்ளைக்கு எஸ்கேஎம் திறன் சான்றிதழ் இருக்கிறது: நிலை 1 முதல் 3 வரை சான்றிதழ், நிலை 4 டிப்ளோமா, நிலை 5 உயர் டிப்ளோமா. வெல்டிங்கும் ஏர்கோன் வேலையும் கற்றவன் சும்மா இருப்பதில்லை.

அங்கீகாரத்தைப் பார்ப்பது எப்படி

படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசாங்க அமைப்பான எம்கியூஏவின் இணையத் தளத்தில் எம்கியூஆர் என்ற பதிவேடு இருக்கிறது. கல்லூரியின் பெயரைத் தட்டினால் அதன் பாடத்திட்டங்கள் வரும். மூன்று விஷயம் பாருங்கள். கையேட்டில் இருக்கும் பாடத்திட்டத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து பதிவேட்டில் இருக்க வேண்டும். அடுத்து முகவரி: ஒரு கல்லூரியின் தலைமை வளாகத்தில் அங்கீகாரம் பெற்ற படிப்பு, நம் பட்டணத்துக் கடைவீட்டு மாடிக் கிளையில் அங்கீகாரம் பெற்றிருக்காது. கடைசியாக அங்கீகார எண்: அதில் எஃப்ஏ என்றால் முழு அங்கீகாரம், பிஏ என்றால் தற்காலிகம். தற்காலிகம் என்றால் மோசடி என்று பொருளில்லை. புதுப் படிப்பு, முதல் கூட்டம் முடிக்கும் வேளையில்தான் முழு அங்கீகாரத்துக்குப் போகும். தெரிந்து சேருங்கள், அவ்வளவுதான். தாதிமைக்குத் தாதியர் வாரியம், பொறியியலுக்குப் பொறியியலாளர் வாரியம் என்று தொழில் வாரியங்களின் பட்டியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த அங்கீகாரம் இல்லாத தாதிமை டிப்ளோமாவை வைத்துக்கொண்டு மருத்துவமனையில் தாதியாக முடியாது.

"பிடிபிடிஎன் பாத்துக்கும்" என்ற பேச்சின் கணக்கு

பிடிபிடிஎன் கடன். உதவித்தொகை இல்லை. வருடத்துக்கு 1 விழுக்காடு உஜ்ரா என்ற சேவைக் கட்டணத்தோடு திருப்பிக் கட்ட வேண்டும். தனியார் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் அது அடைக்கும் என்றும் இல்லை. ஏஜெண்டிடம் படிப்பு முடியும் வரைக்குமான கட்டணப் பட்டியலை, பதிவு, தேர்வு, சோதனைக்கூடம், பட்டமளிப்பு எல்லாம் சேர்த்து, கல்லூரி முத்திரையோடு எழுத்தில் கேளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பருவத்துக்குக் கட்டணம் 3,600 வெள்ளி, கடன் 3,000 வெள்ளி வருகிறது என்று வையுங்கள். பாக்கி 600. அறை வாடகை மாதம் 250 வெள்ளி என்றால் ஆறு மாதத்துக்கு 1,500. சாப்பாட்டுக்கு நாளைக்கு 15 வெள்ளி, ஆறு மாதத்துக்கு 2,700. மொத்தம் 4,800, மாதத்துக்கு 800 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்கும் அப்பாவுக்கு அது கிட்டத்தட்டப் பாதிச் சம்பளம். பஸ், புத்தகம், டாப்அப் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கை ஏஜெண்டின் முன்னாலேயே கையேட்டின் பின்பக்கத்தில் போடுங்கள். நல்ல கல்லூரி என்றால் உட்கார்ந்து பேசுவார்கள்.

கடன் பணம் சேர்ந்த அன்று வராது, பருவம் தொடங்கிச் சில வாரம் கழித்துத்தான் வரும். முதல் இரண்டு மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டுதான் அனுப்ப வேண்டும். விண்ணப்பிக்கும் முன் பிள்ளையின் பெயரில் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும். வீட்டுக்கு அரசாங்கத்தின் எஸ்டிஆர் பண உதவி வருகிறதா என்பது கடன் அளவைத் தீர்மானிப்பதால், எஸ்டிஆர் விவரத்தைப் புதுப்பித்து வையுங்கள்.

பலர் மறந்துவிடுவது கேடபிள்யூஎஸ்பி, அதாவது ஊழியர் சேமநிதி. தோட்டத்தில் வேலை செய்யும் அப்பா அம்மாவின் சேமிப்பில் அக்காவுன் செஜாத்தெரா என்ற கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக் கட்டணத்துக்கு எடுக்கலாம். சேர்க்கைக் கடிதம், கட்டணப் பட்டியல், பிள்ளையின் பிறப்புப் பத்திரம் தேவைப்படும்.

பத்திரங்களில் மாட்டிக்கொள்வது

பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாளக் கார்டில் வேறு. முனியாண்டி என்ற பெயரின் ரோமன் எழுத்து ஒன்றில் ஐயில் முடியும், இன்னொன்றில் ஒய்யில் முடியும். நமக்கு ஒரே ஆள். கடன் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் கணினிக்கு இரண்டு ஆள். சத்தியப்பிரமாண ஆணையரிடம் இரண்டும் ஒருவரே என்று ஒரு கடிதம் எடுத்து வைத்தால் வேலை முடியும். சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்குத் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் கேட்டு வாங்குங்கள். கடைசி நாளில் கேட்டால் அவர் விடுப்பில் இருப்பார்.

பிள்ளைக்குச் சிவப்பு அடையாளக் கார்டு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரியது), அல்லது பத்திரமே இல்லை என்றால், எஸ்பிஎம் வரை பொறுக்காதீர்கள். குடியுரிமை இல்லாமல் யுபியுவும் பிடிபிடிஎன்னும் கிடையாது. குடியுரிமை விண்ணப்பத்துக்கு வயது வரம்பு உண்டு, பதில் வரப் பல வருடமாகும். மூன்றாம் படிவத்திலேயே பதிவிலாகாவில் தொடங்கி, கொடுத்த ஒவ்வொரு பாரத்துக்கும் ரசீது வைத்திருங்கள்.

இடம் கிடைத்த பிறகு

சேர்க்கைக் கடிதத்தோடு உடல் பரிசோதனைப் பாரம் வரும். எக்ஸ்ரேயும் கேட்டிருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் ஒரே நாளில் முடியாது. கடிதம் வந்த மறுநாளே நேரம் வாங்குங்கள். எந்த வங்கிக் கணக்கு வேண்டும் என்று கடிதத்திலேயே இருக்கும். ஹாஸ்டலுக்குப் பூட்டு இரண்டு, வாளி, மெத்தை விரிப்பு, துணி மாட்டி கொண்டு போங்கள். ரைஸ் குக்கருக்குப் பெரும்பாலான ஹாஸ்டலில் தடை, பறித்துக்கொள்வார்கள்.

முதல் இரண்டு வாரத்தில்தான் பாடங்களைச் சேர்க்கவும் விடவும் முடியும். பாடம் புரியவில்லை, வேறு துறை வேண்டும் என்றால் அப்போதே கல்வி ஆலோசகரிடம் போக வேண்டும். பொதுவாக 80 விழுக்காடு வருகை இல்லாதவரைத் தேர்வெழுத விடமாட்டார்கள். சராசரி மதிப்புப் புள்ளி 2.00க்குக் கீழே போனால் கண்காணிப்பு நிலையில் வைப்பார்கள், கடனும் நின்றுபோகலாம்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் சாவு, காசு முடியவில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் ஊருக்கு வந்துவிடக் கூடாது. கல்லூரிக் கணக்கில் பிள்ளை இன்னும் மாணவர். கட்டணம் ஏறிக்கொண்டே போகும், தேர்வில் எஃப் விழும், கடனும் கழுத்தைப் பிடிக்கும். பருவத்தை ஒத்திவைக்கும் பாரத்தைப் பதிவாளர் அலுவலகத்தில் நிரப்பி, ஒப்புதல் கடிதத்தை வாங்கிக்கொண்டு, பிடிபிடிஎன்னுக்கும் தெரிவித்துவிட்டு வந்தால் அடுத்த பருவத்தில் அதே நாற்காலியில் உட்காரலாம்.